எடை சொல்லும் வரி: கனமான தாளும் தடித்த துணியும் நாடு கடக்கும்போது

வெளிநாட்டிலிருந்து ஒரு விசாரணை வந்திருக்கிறது. இரண்டாயிரம் துண்டு வேண்டும், விலை என்ன என்று கேட்கிறார்கள். அல்லது நீங்கள் அச்சகம் நடத்துகிறீர்கள். வெளிநாட்டு அட்டை வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று யோசிக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சுங்கவரி எவ்வளவு?

"அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்று பலரும் விட்டுவிடுகிறோம். ஆனால் விலையைச் சொல்லி முடித்த பிறகு வரி தெரியவந்தால், குறைவது ஏஜென்ட்டின் கமிஷன் இல்லை, உங்கள் லாபம். தாள், துணி இரண்டிலும் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரக்கு எந்த வகை என்பதை அதன் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. இதை நீங்களே, கையில் இருக்கும் ஸ்மார்ட்போனிலும் சமையலறைத் தராசிலும் பார்த்துக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் ஒரு எண்

உலக வணிகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. அதற்கு எச்.எஸ். குறியீடு என்று பெயர். உலக சுங்க அமைப்பு உருவாக்கிய இந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பயன்படுத்துகின்றன.

முதல் 2 இலக்கம் அத்தியாயம். 4 இலக்கம் தலைப்பு. 6 இலக்கம் உபதலைப்பு. இந்த 6 இலக்கம் வரை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வரும் இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்கிறது. இந்தியாவில் மொத்தம் 8 இலக்கம்.

தாளும் அட்டையும் 48-ஆம் அத்தியாயம். அச்சிட்ட பொருள்கள் 49. நூல், துணி, ஆடை, வீட்டு உபயோகத் துணிகள் எல்லாம் 50 முதல் 63 வரை.

கரூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் தயாரிக்கிறது. அதே மாவட்டத்தில் தறி நெய்து, தைத்து, படுக்கை விரிப்பும் சமையலறைத் துணியும் கப்பல் ஏறுகின்றன. இரண்டு பொருளும் வேறு வேறு. ஆனால் வரி அட்டவணையில் இரண்டையும் பிரிக்கும் அளவுகோல்களில் ஒன்று பொதுவானது: எடை.

தாளில் 150, 225 என்ற கோடுகள்

ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைத்தான் கடையில் ஜி.எஸ்.எம். என்கிறோம். ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70 முதல் 80. விசிட்டிங் கார்டு அட்டை 250, 300 என்று போகும்.

எழுதவும் அச்சிடவும் பயன்படும், மேற்பூச்சு இல்லாத தாள் 4802 தலைப்பில் வரும். அதில் இயந்திரக் கூழ் 10 சதவீதத்துக்கு மேல் இல்லாத வகையை எடுத்துக்கொண்டால், 40 முதல் 150 கிராம் வரை ஒரு தொகுதி. 150-ஐத் தாண்டிவிட்டால் 4802.58 என்ற தனி உபதலைப்பு. சரியாக 150 என்றால் கீழ்த் தொகுதியிலேயே நிற்கும். 151 என்றால் மேலே ஏறிவிடும்.

பெட்டி செய்யும் கிராஃப்ட் தாள் 4804. இங்கே இரண்டு கோடுகள் உண்டு. 150 வரை ஒன்று. 150-க்கு மேல், 225-க்குக் கீழ் இன்னொன்று. 225-ம் அதற்கு மேலும் மூன்றாவது.

அந்தத் தாளில் வேலை செய்துவிட்டால் எண்ணே மாறிவிடும். பெட்டி, பை ஆனால் 4819. நோட்டுப்புத்தகம் ஆனால் 4820. திருமண அழைப்பிதழாக அச்சிட்டால் 4909. காலண்டர் ஆனால் 4910. ஆக, "நான் பேப்பர் ஏற்றுமதி செய்றேன்" என்று சொன்னால் சுங்கத்துறைக்கு ஒன்றும் புரியாது. என்ன தாள், எத்தனை கிராம், பூச்சு உண்டா, அச்சு உண்டா, எந்த வடிவம் என்று சொல்ல வேண்டும்.

துணியில் 200, 170 என்ற கோடுகள்

நெய்த பருத்தித் துணியில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பருத்தி இருந்தால், சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை 5208. அதைத் தாண்டினால் 5209. ஜீன்ஸ் தைக்கும் டெனிம் இந்த 5209-இல்தான் வரும்.

பருத்தி 85 சதவீதத்துக்குக் குறைந்து, செயற்கை இழை கலந்திருந்தால் 5210, 5211. இங்கேயும் கோடு 200 கிராம்தான். ஆனால் பாலியஸ்டர் போன்ற செயற்கைக் குற்றிழை அதிகமாகவும் பருத்தி துணையாகவும் இருந்தால் கணக்கு வேறு. அது 5513, 5514. அங்கே கோடு 170 கிராம்.

இதன் விளைவைப் பாருங்க. உங்களிடம் 180 கிராம் துணி இருக்கிறது. முழுப் பருத்தி என்றால் அது "லேசான" துணி, 5208. பாலியஸ்டர் மிகுந்த கலப்பு என்றால் அதே 180 கிராம் "கனமான" துணி, 5514. கையில் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வெளிநாட்டு வாங்குபவர் சில சமயம் அவுன்ஸ் கணக்கில் கேட்பார். சதுர கெஜத்துக்கு 1 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு சுமார் 33.9 கிராம். 6 அவுன்ஸ் துணி என்றால் 203 கிராம். கோட்டை ஒட்டி, ஆனால் தாண்டி நிற்கிறது. 10 அவுன்ஸ் டெனிம் 339 கிராம். அதில் சந்தேகமே இல்லை.

துணியை வெட்டி, ஓரம் அடித்து, தைத்துவிட்டால் அது துணி அல்ல, தயாரித்த பொருள். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, குளியல் துண்டு, சமையலறைத் துண்டு எல்லாம் 6302. பொருள் கட்டி அனுப்பும் சாக்குப் பை 6305. கடைக்கு எடுத்துப்போகும் துணிப்பையோ 4202 தலைப்பில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. மஞ்சப்பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் மகளிர் குழுக்கள் இந்த இரண்டு தலைப்பையும் படித்துப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்வது நல்லது.

ஜி.எஸ்.எம். பார்ப்பது எப்படி?

ரொம்பச் சுலபம். துணியிலோ தாளிலோ 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். அது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. எடை போட்டு, கிராமை 100-ஆல் பெருக்குங்கள். 2.1 கிராம் வந்தால் 210 ஜி.எஸ்.எம்.

தராசு அவ்வளவு நுட்பமாக இல்லையா? பத்துத் துண்டுகள் வெட்டி மொத்தமாக எடை போட்டு 10-ஆல் பெருக்குங்கள். தாள் என்றால் இன்னும் எளிது. பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். பதினாறையும் தராசில் வைத்தால் வரும் கிராம்தான் ஜி.எஸ்.எம்.

ஒரு எச்சரிக்கை. பருத்தியும் தாளும் காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் எடை கூடும். அதனால்தான் ஆய்வகங்களில் துணியை 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதத்திலும், தாளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்திருந்து சோதிக்கிறார்கள். வீட்டுக் கணக்கு உங்களுக்கு ஒரு மதிப்பீடு தரும். கோட்டுக்கு மிக அருகில், அதாவது 148, 152, 198, 203 என்று வந்தால் ஆய்வகச் சான்று வாங்கிவிடுங்கள். துணிக்குக் கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா போன்ற நிறுவனங்களில் இந்தச் சோதனை வசதி இருக்கிறது.

இறக்குமதி செய்தால் கணக்கு இப்படி

இந்தியாவில் வரி போடுவது சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றையும் கூட்டி வரும் மதிப்பின் மீது. டாலரை ரூபாயாக மாற்ற, சுங்கத்துறை வெளியிடும் மாற்று வீதத்தை எடுக்க வேண்டும். உங்கள் வங்கி சொல்லும் வீதம் இங்கே செல்லாது.

உதாரணமாக, 1,00,000 ரூபாய் மதிப்புள்ள அட்டை. அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

அடிப்படைச் சுங்கவரி: 10,000 ரூபாய்.
சமூக நலக் கூடுதல் வரி, அந்தச் சுங்கவரியில் 10 சதவீதம்: 1,000 ரூபாய்.
இதுவரை மதிப்பு 1,11,000. இதன் மீது ஐ.ஜி.எஸ்.டி.: 19,980 ரூபாய்.
மொத்தம்: 30,980 ரூபாய்.

இதில் ஐ.ஜி.எஸ்.டி.யை, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், வழக்கமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வராத செலவு 11,000 ரூபாய்.

இதே அட்டை ஆசியான் நாடுகளில் ஒன்றிலிருந்து, அந்த நாட்டுப் பொருள் என்ற சான்றோடு வந்தால்? 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆசியான் ஒப்பந்தத்தில் சலுகை பெற்ற பொருளுக்கு அடிப்படைச் சுங்கவரி பூஜ்யம் என்றால் அந்த 11,000 ரூபாய் மிச்சம். ஆனால் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, பொருள் அந்த நாட்டிலேயே எப்படித் தயாரானது என்ற விவரமும் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த ஆவணங்களை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டிய பொறுப்பு இறக்குமதியாளருடையது.

சதவீதம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2025 மத்திய பட்ஜெட்டில் ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கு வரி "20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது" என்று ஆனது. கிலோ 300 ரூபாய்த் துணிக்கு 20 சதவீதம் என்றால் 60 ரூபாய்தான். ஆனால் கட்ட வேண்டியது 115 ரூபாய். கிலோ 575 ரூபாய்க்கு மேல் போனால்தான் சதவீதக் கணக்கு வரும். இந்த இடத்தில் எடையே நேரடியாக வரியாகிறது.

தாளுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, 2022 அக்டோபர் 1 முதல் காகித இறக்குமதிக் கண்காணிப்பு முறை இருக்கிறது. பட்டியலில் உள்ள தாள், அட்டை வகைகளை இறக்குமதி செய்ய, சரக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் பதிவு செய்து எண் பெற வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இரண்டு, புதுக்கூழில் செய்த பல அடுக்கு அட்டைக்கு 2025 ஆகஸ்டில் டன்னுக்கு 67,220 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை 2026 மார்ச் 31 வரைக்கும் அறிவிக்கப்பட்டது. திருச்சி மாவட்டம் மொண்டிப்பட்டியில் உள்ள ஆலை போல, பல அடுக்கு அட்டை தயாரிக்கும் உள்நாட்டு ஆலைகளுக்கு இது பாதுகாப்பு. அட்டைப்பெட்டி செய்பவருக்கோ மூலப்பொருள் செலவு. இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்குக் காலக்கெடு உண்டு. நீட்டித்திருக்கிறார்களா, முடிந்துவிட்டதா என்பதை ஆர்டர் போடும் நாளில் பார்க்க வேண்டும்.

ஏற்றுமதி செய்தால் வரி அங்கே

நீங்கள் அனுப்பும் சரக்குக்கு வரி போடுவது வாங்கும் நாடு. அதைக் கட்டுவதும் பொதுவாக அங்குள்ள இறக்குமதியாளர்தான். "அப்போ எனக்கென்ன?" என்று கேட்கலாம். வரி ஏறினால் அவர் உங்களிடம்தான் விலையைக் குறைக்கச் சொல்வார். வீட்டு வாசல் வரை வரி கட்டிக் கொடுக்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், முழுச் சுமையும் உங்கள் தலையில்.

இங்கே தாளும் துணியும் ரொம்பவே வேறுபடுகின்றன. உலக வர்த்தக அமைப்பு உருவான பேச்சுவார்த்தையில், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்டவை தாளுக்கான வழக்கமான வரியைப் படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. துணிக்கு அப்படி நடக்கவில்லை. 1974 முதல் பல ஆண்டுகள் நாடுவாரியாக அளவுக் கட்டுப்பாடு இருந்தது. அது 2005 ஜனவரி 1-இல்தான் முழுமையாக நீங்கியது. அளவுக் கட்டுப்பாடு போனாலும் வரி போகவில்லை. அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான வரியே 16.5 சதவீதம். பருத்தி டெர்ரி குளியல் துண்டுக்கு 9.1 சதவீதம்.

வரி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 2025 ஆகஸ்ட் ஒரு பாடம். அந்த மாதம் 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவீதம் விதித்தது. 27-ஆம் தேதி இன்னொரு 25 சேர்ந்தது. 10 டாலர் துண்டுக்கு முன்பு 91 சென்ட் வரி. 27-ஆம் தேதிக்குப் பிறகு 5 டாலர் 91 சென்ட். ஜூலையில் விலை பேசி, செப்டம்பரில் சரக்கு அனுப்பியவர்களுக்கு இடையில் இருந்தது வெறும் இரண்டு மாதம். அதே ஆகஸ்ட் 29-இல், 800 டாலர் வரையிலான சிறு பார்சல்களுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிவிலக்கும் எல்லா நாடுகளுக்கும் நின்றுபோனது. இணையத்தில் ஒன்றிரண்டாக விற்பவர்களையும் அது தொட்டது.

மறுபக்கம், கதவு திறந்த சந்தைகளும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதலும் நடைமுறையில் உள்ளன. இந்த நாடுகளில் இந்தியத் துணிப் பொருள்களுக்குப் பொதுவாக இருந்த 5 சதவீத வரி, இந்தியப் பொருள் என்ற மூலச் சான்றிதழ் இருந்தால் கிடையாது. சான்றிதழ் வாங்காமல் அனுப்பினால் சலுகையும் இல்லை. 5 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் துண்டு, விரிப்பு போன்ற சரக்கில் பலருக்கு லாபமே அவ்வளவுதான்.

கைபேசியில் செய்ய வேண்டியவை

1. எண்ணைக் கண்டுபிடியுங்கள். மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் சுங்கவரி அட்டவணை இலவசமாக இருக்கிறது. அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகளையும் படியுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

2. இறக்குமதி வரியைப் பாருங்கள். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் வரிக் கணிப்பான் உண்டு. எண்ணையும் நாட்டையும் கொடுத்தால் விவரம் வரும்.

3. ஏற்றுமதிக்கு இந்தியன் டிரேட் போர்ட்டல் தளத்தைத் திறங்கள். எச்.எஸ். எண்ணையும் வாங்கும் நாட்டையும் தேர்வு செய்தால், வழக்கமான வரியும் ஒப்பந்தச் சலுகை வரியும் தெரியும். கடைசி நேரக் கூடுதல் வரிகளை மட்டும் வாங்குபவரிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெறுங்கள். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் பான், வங்கிக் கணக்கு விவரங்களோடு விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பித்துவிடுங்கள். மாற்றம் எதுவும் இல்லை என்றாலும் உறுதி செய்ய வேண்டும்.

5. ஐ.ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய, ஜி.எஸ்.டி. தளத்தில் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்யுங்கள். இது நிதியாண்டுதோறும் செய்ய வேண்டியது.

6. சிறிய பார்சல்தானா? அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா மையங்கள் வழியாக அனுப்பலாம். ஏற்றுமதிப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். அங்கேயும் எச்.எஸ். எண் கேட்பார்கள்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

"எண் தவறாகப் போட்டால் என்ன ஆகும்?"
குறைவாகக் கட்டிய வரியை வட்டியோடு கேட்கலாம். அபராதமும் வரலாம். சரக்கு துறைமுகத்தில் நின்றால் அதற்கான வாடகையும் ஏறும். அதிகமாகக் கட்டியிருந்தால், திரும்பப் பெற நீங்கள்தான் அலைய வேண்டும்.

"சந்தேகத்துக்கு முன்கூட்டியே பதில் வாங்க முடியுமா?"
முடியும். சுங்க முன்தீர்ப்பு ஆணையம் டெல்லியிலும் மும்பையிலும் செயல்படுகிறது. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய். அதன் தீர்ப்பு சட்டத்தில் சொன்ன காலம் வரை செல்லும். ஒரே பொருளைத் தொடர்ந்து இறக்குமதியோ ஏற்றுமதியோ செய்யப்போகிறவருக்கு இது லாபகரமான செலவு. ஒரு தடவை மட்டும் அனுப்புபவருக்கு அனுபவமுள்ள சுங்கத் தரகரின் ஆலோசனையே போதும்.

"ஏஜென்ட் போட்ட எண்ணுக்கு நான் பொறுப்பா?"
ஆமாம். ஆவணம் உங்கள் பெயரில்தான் போகிறது. அதனால் அனுப்பும் முன் அந்த 8 இலக்கத்தை ஒருமுறை கேட்டு வாங்கி, அட்டவணையில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

"நேரில் யாரிடம் கேட்பது?"
உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் ஏற்றுமதி வழிகாட்டுதல் கேட்கலாம். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அலுவலகங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் இருக்கின்றன.

விலை சொல்லும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் சரக்கு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? அதன் 8 இலக்க எண் என்ன? இன்றைய தேதியில் வரி எவ்வளவு? வரி மாறினால் அதை யார் ஏற்பது? கடைசிக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நாளைக்கு வரி கூடினாலும் குறைந்தாலும், வாங்குபவரோடு பேச உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும்.